இருபத்து மூன்றாம் துண்டு

திரையில் படம் விரிவதற்குள் அவள் தன் வலது கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மேசை மேல் மல்லாந்து கிடந்த கை, பாத்திரத்தை உருட்டிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் மூலையில் உட்கார்ந்திருக்கும் பூனையைப் போலச் சாதுவாக இருந்தது. பிறகு திரை. தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளேட். எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி. பச்சை என்றால் நல்லபடியாகப் படித்தாயிற்று, சிவப்பு என்றால் எங்கோ ஓட்டை. பச்சைக்கு நடுவே பதினொரு சிவப்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பதினொன்றிலும் ஓட்டை ஒரே இடத்தில்தான். இருபத்து மூன்றாம் துண்டு.

"காலங்காத்தால யார் முகத்துலக்கா முழிச்சீங்க?" என்றான் பக்கத்து மேசைக்காரன்.

"எங்க வீட்டுக்காரர் முகத்துல."

"அப்ப சரி."

அவனுக்கு லேபில் வேகம் என்று பேர். ஒரு பிளேட்டை நிரப்ப மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனால் அவனுக்கு ஒன்றேகால் மணி. அதிலும் பாதி நேரம் ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருப்பான். அவளைவிட இரண்டு மாதம் மூத்தவன். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முந்திக்கொண்டு அக்கா என்று கூப்பிட்டுத் தன் வயதைக் குறைத்துக்கொண்டுவிட்டான். அவளும் விடாமல் தம்பி என்றே பதிலுக்கு அழைத்துப் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள். அவளுக்குப் பேர் தராசு. ஒரு மைக்ரோ லிட்டர் என்றால் ஒரு மைக்ரோ லிட்டர்; துளி விடும் பிப்பெட்டை அவள் கட்டைவிரல் அழுத்தினால் துளி கூடாது, குறையாது. வெளியூரிலிருந்து மெஷின் சரிபார்க்க வருகிறவர்கள்கூட, மெஷின் காட்டும் அளவுக்கும் அவள் கை காட்டும் அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் மெஷினைத்தான் கழற்றுவார்கள் என்று லேபில் ஒரு கதை உண்டு. கதையில் பாதி அவன் சேர்த்தது.

அவள் செய்யும் வேலை என்னவென்று கேட்கிறவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள்: காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் மூக்குச் சளி சின்னக் குழாய்களில் லேபுக்கு வரும். அதில் இருக்கும் வைரஸ் போன மாதம் வந்த அதே ஆள்தானா, இல்லை வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்ல வேண்டும். மொத்தம் முப்பதாயிரம் எழுத்து. அவ்வளவு நீளத்தை ஒரே வாயில் விழுங்க மெஷினால் முடியாது. அதனால் தொண்ணூற்றெட்டுத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் லட்சக்கணக்கில் நகலெடுத்து, படித்து, திரும்ப ஒட்டுப்போட்டு முழுசாக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்ள ஒரு ஜோடி பிரைமர் உண்டு. லேபில் அதைக் கொக்கி என்பார்கள். கொக்கி மாட்டினால் நகல் வரும். மாட்டாவிட்டால் அந்த இடம் வெற்றிடம்.

கொக்கி மாட்டாமல் போக ஆயிரம் காரணம் இருக்கலாம். சாம்பிள் பழசாகியிருக்கலாம், மருந்து கெட்டுப்போயிருக்கலாம். கொக்கி மாட்டுகிற அந்த இடத்திலேயே வைரஸ் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். பூட்டு மாறினால் பழைய சாவி நுழையாது. இதெல்லாம் தராசுக்குத் தெரியாதது இல்லை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாடமே அவள்தான் எடுக்கிறாள். ஆனால் பயந்து கிடக்கிறவளுக்கு ஆயிரம் காரணமும் வரிசையில் நின்றாலும், தன் பயத்துக்குப் பொருத்தமான காரணம் மட்டும்தான் கண்ணில் படும். வேகத்தின் பிளேட்டுகள் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருந்தன. அதே மருந்து, அதே மெஷின். ஓட்டை விழுவது அவள் பிளேட்டில் மட்டும். அப்படியென்றால் கை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் காப்பி டம்ளரை எடுக்கும்போது கட்டைவிரல் துடித்தது. மீன் செவுள் துடிப்பதுபோல இரண்டு தடவை. அவ்வளவுதான். ஆனால் அவள் அப்பாவுக்கும் ஐம்பதாவது வயதில் கட்டைவிரலில்தான் தொடங்கியது. துணிக்கடைக்காரர்; கத்தரிக்கோல் வைக்காமல் கையாலேயே நூல் பிடித்து நேராகக் கிழிப்பவர்; கடைசியில் சட்டைப் பொத்தானை யாராவது போட்டுவிட வேண்டியிருந்தது. அவளுக்கு நாற்பத்தொன்பது முடியப்போகிறது. வீட்டில் சொல்லவில்லை. லேபில் சொல்லவேயில்லை.

போன மாதம் மேடம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மேடம்தான் லேபின் தலைவர். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துகிற ரகம்.

"உங்க பிளேட்ல கொஞ்சம் ஃபெயிலாகுதே, தராசு. பதினாறு வருஷத்துல நான் பாத்ததில்ல. களைப்பா இருந்தா கொஞ்ச நாள் சாம்பிள் வாங்குற கவுன்ட்டர்ல இருங்களேன். லேபிள் ஒட்டுற வேலை. கைக்கு ஓய்வு."

கைக்கு ஓய்வு என்று மேடம் சொன்னது தற்செயல்தான். ஆனால் தராசுக்கு அது தன் அந்தரங்கத்தை யாரோ கூட்டத்தில் வாசித்ததுபோல இருந்தது. கவுன்ட்டருக்குப் போனவர்கள் யாரும் மேசைக்குத் திரும்பி வந்ததில்லை என்பது லேபில் எல்லாருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த வாரம் முதல்முறையாக இருபத்து மூன்றாம் துண்டு காணாமல் போனது. இரண்டே சாம்பிள். ஃபெயில் என்று எழுதிவிட்டுப் போயிருக்க வேண்டும், விதி அதுதான். நகல் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும்; விதிப்படி முப்பத்தைந்து சுற்று, அதற்குள் வராதது வராததுதான். அவள் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் வெளியே போனபின், அந்த இரண்டையும் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் நாற்பத்திரண்டு சுற்று ஓடவிட்டாள். தன் கை குறைவாக ஊற்றியதை மெஷின் கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டட்டும் என்று நினைத்தாள். ஈடுகட்டியது. அழகான, அழுத்தமான துண்டு. படித்துப் பார்த்தால் போன மாதத்து வைரஸின் எழுத்து அச்சு அசலாக இருந்தது. ஓட்டை அடைந்தது, சிவப்பு பச்சையானது. அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் பத்தொன்பது. எல்லாம் பச்சை. வியாழன்தோறும் சுகாதார அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தில் மேடம் 'புதிதாக எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூன்று கடிதம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் முள்ளாக இருந்தது. எந்தப் பிளேட்டிலும் ஒரு குழி வெறும் தண்ணீர். யாருடைய சளியும் கிடையாது. எதுவும் வரக் கூடாது. வந்தால் வேலையில் அழுக்கு என்று அர்த்தம். பழக்கத்தால் அவள் அந்தத் தண்ணீரையும் நாற்பத்திரண்டு சுற்றுக்குப் போட்டிருந்தாள். நகல் வந்ததா என்று எடுக்கும் படத்தில், வந்த துண்டு ஒரு கோடாகத் தெரியும். இரண்டாம் வாரம், தண்ணீரின் இடத்திலும் ஒரு கோடு தெரிந்தது. தலைமுடி அளவு. குமிழியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். தனக்குத்தானே பொய் சொல்வதில் ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்.

இன்று மறுபடி வியாழன். மாதத்தின் இருபத்தாறாம் தேதி. பதினொரு சாம்பிளையும் தண்ணீரையும் மெஷினில் வைத்து, நாற்பத்திரண்டு என்று அழுத்தி, மூடியைச் சாத்தினாள். இரண்டு மணி நேரமாகும்.

"மேடம் கேட்டா பேங்க்குக்குப் போயிருக்கேன்னு சொல்லு தம்பி."

"போன வாரமும் பேங்க்தான்."

"அப்ப போஸ்ட் ஆபீஸ்."

நரம்பு டாக்டரின் அறை வாசலில் கணவர் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தார். நேற்றிரவு ஸ்பூனைக் கீழே போட்டதும் அழுகை வந்து, அவரிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பழைய மேசை நாற்காலி வாங்கி விற்பவர். ஒரு பொருளைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே அதன் குறையைச் சொல்லிவிடுவார், ஏனென்றால் குறை சொல்வதுதான் அவருக்குத் தொழில். வீட்டில் மட்டும் அந்தத் தொழிலைச் செய்ய மாட்டார். செய்தால் என்ன ஆகும் என்று கல்யாணமான முதல் வருஷத்திலேயே பார்த்தாயிற்று.

டாக்டர் அவள் கையை நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். காகிதம் அசையவில்லை. சுருள் வரையச் சொன்னார். வரைந்தாள். மூக்கைத் தொட்டு அவர் விரலைத் தொடச் சொன்னார்; தொட்டாள். முழங்கையை மடக்கிப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார், பெயரை வேகமாக நூறு தடவை எழுதச் சொல்லாத குறை.

"ஒரு நாளைக்கு எத்தனை காப்பி குடிப்பீங்க?"

"ஏழு."

"எட்டு," என்றார் கணவர். "நான் வெச்சிட்டுப் போனதையும் எடுத்துக் குடிச்சிடுவா."

"காப்பியக் குறைங்க. நல்லாத் தூங்குங்க. அப்பாவுக்கு இருந்ததுக்கான அறிகுறி எதுவுமே இல்லம்மா. என் கையே உங்க கையவிட ஆடுது."

கணவருக்கு மனசு ஆறவில்லை. "மாத்திரைன்னு ஏதாவது எழுதுங்க டாக்டர். வெறுங்கையோட அனுப்பினா பாத்த மாதிரியே இல்ல."

"வியாதி இல்லாததுக்கு மாத்திரை கிடையாதுங்க."

"ஏதோ சின்னதா ஒன்னு..."

"எந்திரிங்க," என்றாள் தராசு.

பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என் தங்கமே என்றுகூடச் சொல்லிக்கொண்டாள். அடுத்த காப்பி எங்கே குடிக்கலாம் என்று யோசித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. ஓடுகிற மின்விசிறியை யாரோ அணைத்ததுபோல மெதுவாகச் சுற்றி நின்றது.

கை சரி என்றால், ஓட்டை எதனால்?

போன் அடித்தது. வேகம்.

"அக்கா, உங்க வியாதி எனக்கும் ஒட்டிக்கிச்சு. என் பிளேட்ல அஞ்சு ஓட்டை. அஞ்சும் உங்க இருபத்து மூணுதான். நீங்க ஏதோ வைத்தியம் வெச்சிருக்கீங்களே, சாப்பாட்டு நேரத்துல, அதக் கொஞ்சம் எனக்கும் சொல்லிக் குடுங்க. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

அவள் போனை வைத்துவிட்டாள். அவளுக்கு வரும் சாம்பிள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரை ஆஸ்பத்திரியிலிருந்து. வேகத்துக்கு வருவதெல்லாம் இக்கரையிலிருந்து. மேசைகளைப் பிரித்துக்கொண்டது அப்படி. பதினாறு வருஷமாக அப்படி. ஓட்டை அவள் கையில் தொடங்கி அவன் கைக்கு வரவில்லை. அக்கரையில் தொடங்கி இக்கரைக்கு வந்திருக்கிறது.

"கை நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு யாராவது இப்படி வெளிறிப் போவாங்களா?" என்றார் கணவர்.

"வைரஸ் மாறியிருக்குங்க. கொக்கி மாட்டுற இடத்துல மாறியிருக்கு. அதான் அந்தத் துண்டு வரல. வராததுதான் சேதியே. நான் அத அடைச்சிட்டேன்."

"எத வெச்சு?"

அதுதான் கேள்வி. அவள் விரலால் பெஞ்சின் மேல் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டுக் காட்டினாள். பக்கத்துக் குழி, அதற்குப் பக்கத்துக் குழி. ஒரு குழியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூசி அளவு இன்னொரு குழிக்குத் தெறிக்கும். எவ்வளவு கவனமான கையிலும் தெறிக்கும். முப்பத்தைந்து சுற்றில் அது தெரியாது. சொந்தத் துண்டு இருந்தால் அதுதான் சத்தமாகப் பேசும், தூசி வாயைத் திறக்காது. ஆனால் சொந்தத் துண்டு வராத இடத்தில் நாற்பத்திரண்டு சுற்று விட்டால், அந்தத் தூசி லட்சமாகப் பெருகி, நான்தான் இந்த வீட்டுக்காரன் என்று வந்து உட்கார்ந்துகொள்ளும். பக்கத்துக் குழியில் இருந்தது பழைய வைரஸ். அதனால்தான் அச்சு அசலாகப் பழைய எழுத்து. அதனால்தான் தண்ணீரிலும் கோடு.

கணவர் அதைத் தன் கடைக் கணக்கில் மாற்றிப் பார்த்தார்.

"அதாவது, மூணு கால் நாற்காலி வருது. நீ பக்கத்து நாற்காலியோட காலை மாட்டி, முழு நாற்காலின்னு அனுப்பிட்ட."

"ஆமா."

"எத்தனை?"

"இருபத்தெட்டு. இன்னைக்குப் பதினொன்னு மெஷின்ல இருக்கு."

"வாங்கினவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுமேல உக்காந்துட்டான்."

அவர் சிரிக்கவில்லை. "அக்கரை ஆஸ்பத்திரியில கூடுதலா போட்டிருந்த வார்டை மூடிட்டாங்கல்ல, போன வாரம். கட்டில் நாப்பது என் கடைக்குத்தான் வந்திருக்கு. இரும்புக் கட்டில். மேல போட்ட பெயின்ட் கூட உரியல. ஏன் மூடுறீங்கன்னு கேட்டேன், புதுசா ஒன்னும் இல்லன்னு லேப்லேர்ந்து எழுதிட்டாங்கன்னான். என் பொண்டாட்டி லேப்தான்னு பெருமையா வேற சொன்னேன்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நாளைக்கு ஒரு பார்ட்டி வர்றதாச் சொல்லியிருக்கான் கட்டிலுக்கு. வர வேணாம்னு சொல்லிடட்டுமா?"

"சொல்லிடுங்க," என்றாள் அவள்.

லேபுக்குத் திரும்பியபோது மணி மூன்று. மெஷின் ஓட்டத்தை முடித்துவிட்டு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. படம் எடுத்தாள். பதினொரு சாம்பிளிலும் கோடு. பன்னிரண்டாவது இடத்தில் தண்ணீர், அதிலும் கோடு. இந்தத் தடவை தலைமுடி இல்லை. நோயாளிகளுடையதற்கு இணையான தடிமனில், வெட்கமே இல்லாமல், மற்றவற்றோடு தோளோடு தோள் நின்றது.

படத்தையும் வேகத்தின் ஐந்து சிவப்பையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. டாக்டரிடம் போனது, கட்டைவிரல், நாற்பத்திரண்டு சுற்று, தலைமுடி அளவு கோடு, குமிழி என்று சொல்லிக்கொண்டது, எல்லாவற்றையும் வந்த வரிசையில் சொன்னாள். முடித்ததும் மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"முதல்ல நீங்க எடுத்த முப்பத்தஞ்சு சுற்று ரிசல்ட், ஓட்டையோட, மெஷின்ல அப்படியே இருக்கா?"

"இருக்கு மேடம். இருபத்தெட்டும் இருக்கு. நான் எதையும் அழிக்கல."

"யாராவது தேடிப் பாத்தாதான் தெரியும்."

"ஆமா."

மேடம் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார். குரல் இன்னும் தாழ்ந்தது. "வேற கொக்கி வாங்கிப் போட்டுப் படிச்சாதான் என்ன மாறியிருக்குன்னு சரியாத் தெரியும். வர நாலு நாள் ஆகும். ஆனா சந்தேகம்னு இன்னைக்கே எழுதலாம். எழுதணும். அஞ்சு மணிக்குக் கடிதம் போகுது. இன்னைக்கு உங்க பதினொன்னு, வேகத்தோட அஞ்சு, பதினாறு. ஒரே நாள்ல, ரெண்டு கரையிலயும், ஒரே துண்டு. அதுவே போதும். நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோம்னு ஆகும். கெட்ட பேரே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "இன்னைலேர்ந்து ஆரம்பிச்சுக்கலாம், தராசு."

தராசு வளர்ந்த அப்பாவின் துணிக்கடையில் நாளெல்லாம் இதுதான் நடக்கும். யார் வாயைத் திறந்தாலும் அதற்குள் ஒரு விலை இருக்கும். சொன்ன வார்த்தையை ஒதுக்கிவிட்டு உள்ளே இருப்பதைக் காது எடுத்துக்கொள்ள வேண்டும். மேடம் சொன்ன விலை நியாயமாகவே இருந்தது. மேசை அவளுக்கு. கவுன்ட்டர் பேச்சு இனி கிடையாது. கை குற்றமற்றது என்று வைரஸே வந்து சாட்சி சொல்லிவிட்டது. மூன்று கடிதத்தில் போட்ட கையெழுத்து கெடாமல் மேடத்துக்கு. ஊருக்கும் எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிடும். யாருக்கும் நஷ்டமில்லாத வியாபாரம் என்று யாராவது சொன்னால் அப்பா கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். நஷ்டப்படுகிறவன் அங்கே இல்லாததால்தான் அப்படித் தோன்றும் என்பார்.

"உங்களக் காப்பாத்த மட்டும் சொல்லல," என்றார் மேடம். "என்னையும் சேத்துத்தான். அத மறைக்க விரும்பல."

"தெரியும் மேடம்."

"அப்புறம் என்ன யோசனை?"

"இன்னைக்குத்தான் ஆரம்பிச்சதுன்னு போட்டா, ஒரே நாள்ல பதினாறுன்னு பயப்படுவாங்க, இல்லன்னா ஏதோ ஒரு மண்டபத்துல கூடினவங்கன்னு தேடுவாங்க. மூணு வாரமா ரெண்டு, ஏழு, பத்தொன்பதுன்னு ஏறிக்கிட்டு வர்றது அவங்களுக்குத் தெரியாது. எவ்வளவு வேகமா ஏறுதுன்னு தெரியாம எத்தனை கட்டில் போடுவாங்க?"

"கட்டிலா?"

"நாப்பது எங்க வீட்டுக்காரர் கடையில இருக்கு."

மேடம் அவளைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று தெரியாமல் பார்த்தார். அந்த நேரத்தில் வராந்தாவில் இருந்த பொதுத் தொலைபேசி அடித்தது. யாரோ எடுத்து, மேடம் உங்களுக்குத்தான், சுகாதார அலுவலகம், இன்னைக்குக் கடிதம் எப்ப வரும்னு கேக்குறாங்க என்று கத்தினார்கள். மேடம் எழுந்தார். கதவைத் திறந்தபடி, அவள் பக்கம் திரும்பாமல், "ஃபாரத்தத் திறந்து வையுங்க. வேகத்த டைப் பண்ணச் சொல்லுங்க. தேதி..." என்றார். பிறகு, "பாத்துப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாத்துப் போடுங்க என்பதில் எல்லாமும் இருந்தது. இதைப் போடு என்றும் இல்லை, அதைப் போடு என்றும் இல்லை. நாளை யார் கேட்டாலும் இரண்டு பக்கமும் நிற்கக்கூடிய வார்த்தை. நல்ல வியாபாரி என்று நினைத்துக்கொண்டாள் தராசு. மேடத்தின் மேல் கோபம் வரவில்லை.

வேகம் கணினி முன் உட்கார்ந்து ஃபாரத்தை ஏற்கனவே பாதி நிரப்பியிருந்தான். முனகல் இல்லை. சாத்தியிருந்த கதவு அவனுக்குப் பாதிக் கதையைச் சொல்லியிருக்கும். மீதியை அவனே சேர்த்திருப்பான்.

"எத்தனை சாம்பிள்க்கா?"

"நாப்பத்தி நாலு."

விரல்கள் நின்றன. "பதினாறுன்னுல்ல நான் போட்டிருக்கேன்."

"மெஷின்ல பழைய ஓட்டம் இருக்கு பாரு. என் பேர்ல, மூணு வாரம், முப்பத்தஞ்சு சுற்று. ஓட்டை இருக்கறது இருபத்தெட்டு. எல்லாத்தையும் எடு. நான் அப்புறம் ஓட்டின நாப்பத்திரெண்ட எதையும் தொடாத."

அவன் எடுத்தான். பட்டியல் இறங்கியது. பெயர் கிடையாது; ஆணா பெண்ணா, வயது, தொழில், தெரு, வீட்டு எண், சாம்பிள் எடுத்த நாள், அவ்வளவுதான். அவள் மூன்று வாரமாக எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்த குழிகள் ஒவ்வொன்றாக வயதும் தெருவுமாக வந்து நின்றன. தையல்காரி, முப்பத்தாறு. பள்ளி மாணவி, பதினொன்று. வேலையில்லை, எழுபத்து மூன்று. எழுபத்து மூன்றுக்குக் கீழே அதே குடும்பம்போல. அதே தெரு, அதே வீட்டு எண், நான்கு நாள் கழித்து இன்னொருவர்.

"அக்கா," என்றான் வேகம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சொல்லாம விட்டா யாருக்கும் தெரியாது. நானும் வாயத் திறக்க மாட்டேன். என்னப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

"உன்னப் பத்தித் தெரிஞ்சதாலதான் யோசிக்கிறேன்."

"சும்மா இருங்க." சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டான். "கவுன்ட்டருக்கு அனுப்பிட்டா?"

"லேபிள் ஒட்டுவேன். கோணலே இல்லாம ஒட்டுவேன்."

ஃபாரத்தின் அடுத்த கட்டம் காலியாக இருந்தது: முதலில் தென்பட்ட நாள். கட்டத்துக்குள் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது.

"இங்க என்ன போடட்டும்?"

அவள் பட்டியலின் முதல் வரியைத் தொட்டாள். ஆண், நாற்பத்தொன்று, பஸ் ஓட்டுநர், அக்கரைப் பணிமனைத் தெரு.

"மூணு."

"இன்னைக்கு இருபத்தாறுக்கா."

"தெரியும். மூணாம் தேதி போடு."

அவன் போட்டான். எண்ணை அடித்துவிட்டு ஒரு கணம் தாமதித்தான், பிறகு பதிவு செய் என்பதை அழுத்தினான். ஃபாரம் மூடி, அதன் இடத்தில் ஊரின் வரைபடம் விரிந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் ஆறு. நாள்வாரியாக ஓட்டிக் காட்டுகிற பொத்தானையும் அவன் தொட்டிருந்தான் போலிருக்கிறது. மூலையில் தேதி மூன்று என்று வந்தது, அக்கரையில் பணிமனைத் தெருவில் ஒரே ஒரு புள்ளி எரிந்தது. நான்கில் இன்னொன்று, ஒரு நிறுத்தம் தள்ளி. ஐந்து, ஆறு, ஒன்றுமில்லை. பிறகு பத்து, பதினொன்று என்று ஓடும்போது புள்ளிகள் இங்கும் அங்குமாக விழாமல், யாரோ நூலில் கோத்ததுபோல ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டே வந்தன. பஸ் போகிற தெரு. பதினேழு, பதினெட்டு என்று வர வர அந்தத் தெரு தடித்தது. சந்தைக்குப் பக்கம் கிளை பிரிந்தது. மூடிய வார்டு இருந்த ஆஸ்பத்திரி முனையில் நெருக்கமாகப் பத்துப் பன்னிரண்டு எரிந்தன.

வராந்தாவில் பேச்சு நின்றிருந்தது. தராசு நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேடம் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றிருந்தார். அங்கிருந்து திரை தெரியும். எதிர்முனையில் யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மேடத்தின் கண் திரையிலேயே இருந்தது. மூலையில் தேதி இருபத்து நான்கு, இருபத்தைந்து என்று மாற, புள்ளிகள் பாலத்தின் மேல் ஏறி, ஒன்று, அதற்கு முன்னால் இன்னொன்று என்று, இக்கரையில் இறங்கத் தொடங்கின.